எழும்பூர் அருங்காட்சியகத்தின் விலங்கியல் கூடங்களைக் குடும்பத்தோடு பார்ப்பது எப்படி?

சென்னை எழும்பூரில் பாந்தியன் சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகம் 1851-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பழைய சென்னைவாசிகள் இதனைச் ‘செத்த காலேஜ்’ என்றும், விலங்குக் காட்சிச் சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் அழைத்து வந்தனர். அமராவதிச் சிற்பங்கள், சோழர் காலச் செப்புத் திருமேனிகள், நாணயங்கள், ஓவியங்கள் என்று பல கட்டடங்களில் விரிந்து கிடக்கும் இவ்வளாகத்தை ஒரே நாளில் சுற்றி முடித்துவிட வேண்டும் என்று வரும் குடும்பங்கள், பெரும்பாலும் நண்பகலுக்குள்ளேயே குழந்தைகளைக் களைப்படையச் செய்துவிடுகின்றன. ஆகவே முதன்முறை செல்வோர் விலங்கியலையும் நிலவியலையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றிலும் எலும்புகளுக்கே கூடுதல் நேரம் ஒதுக்குவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. அந்த வழியிலேயே கீழே விளக்குகிறேன்.

படி 1: நாளும் நேரமும்

வெள்ளிக்கிழமைகளிலும் தேசிய விடுமுறை நாட்களிலும் அருங்காட்சியகம் இயங்காது. மற்ற நாட்களில் காலை 9.30 மணிக்குத் திறக்கிறார்கள். திறந்தவுடன் உள்ளே சென்றுவிட்டால் வெயிலும் கூட்டமும் ஏறுவதற்குள் முக்கியமானவற்றைப் பார்த்துவிடலாம். எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்தோ மெட்ரோ நிலையத்திலிருந்தோ சிறிது தூரம்தான் என்றாலும், சிறு பிள்ளைகள் இருந்தால் ஆட்டோவில் செல்வதே நல்லது. வளாகத்திற்குள் நடப்பதற்கு அவர்களின் கால்களில் தெம்பு வேண்டும். தண்ணீர், ஒரு சிறிய குறிப்பேடு, பென்சில் ஆகியவை போதும்.

படி 2: டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுதல்

பழைய கட்டடங்கள் என்பதால் அவ்வப்போது சில கூடங்கள் பராமரிப்புப் பணிக்காக மூடப்பட்டிருக்கலாம். விலங்கியல் கூடம் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, இன்று திறந்திருக்கிறதா என்பதை டிக்கெட் கவுண்டரிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு நேரே அங்கே செல்லுங்கள். புகைப்படம் எடுப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே விசாரித்துவிடலாம்.

படி 3: திமிங்கலத்தின் முன்னால் நிற்றல்

இக்கூடத்தின் பெருமை, 1874-இல் மங்களூர்க் கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு. ஏறத்தாழ 60 அடி நீளமுள்ள அதனை அண்ணாந்து பார்த்து வியந்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் அவ்வாறு நகராமல், தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கம் வரை குழந்தையோடு மெதுவாக நடந்து, எத்தனை அடி எடுத்து வைக்கிறோம் என்று குழந்தையையே எண்ணச் சொல்லுங்கள். “இது மீனா?” என்ற கேள்வியை அதற்குப் பிறகு கேளுங்கள், விடையை உடனே சொல்லிவிட வேண்டாம்.

விடைக்கான சான்று துடுப்பில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தட்டையான துடுப்பாகத் தோன்றும் உறுப்பினுள்ளே தோளெலும்பு, மேற்கை எலும்பு, முன்கை எலும்புகள், அவற்றைத் தொடர்ந்து விரல் எலும்புகள் என நம் கையில் இருப்பவையே சற்று உருமாறி வரிசையாக அமைந்திருக்கும். குழந்தை தன் தோளிலிருந்து விரல்நுனி வரை தடவிப் பார்த்துக்கொண்டே அந்த எலும்புகளை ஒவ்வொன்றாக அடையாளம் காணட்டும். நிலத்தில் நடந்த பாலூட்டிகளின் வழிவந்தது திமிங்கலம் என்பதைப் பாடமாகச் சொல்வதைவிட இவ்வாறு காட்டுவது ஆழமாகப் பதியும். பின்னங்கால்கள் இல்லாததையும், முதுகெலும்பு வால் வரை நீண்டாலும் வாலின் இரு பக்கத் தட்டுகளுக்குள் எலும்பே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். மீன் தன் வாலைப் பக்கவாட்டில் அசைக்கும். திமிங்கலம் மேலும் கீழுமாக அசைக்கும்.

படி 4: யானையின் எலும்புக்கூடு

சுமார் 11 அடி உயரமுள்ள யானை எலும்புக்கூட்டில் முதலில் மண்டையோட்டைக் காட்டுங்கள். முகத்தின் நடுவில் தெரியும் பெரிய துளையைக் கண் என்றே பிள்ளைகள் பெரும்பாலும் சொல்வார்கள். அது மூக்கின் துளை. தும்பிக்கை அங்கிருந்துதான் தொடங்குகிறது, தும்பிக்கைக்குள் எலும்பு இல்லாததால்தான் இங்கே அதனைக் காணவில்லை. தந்தங்கள் உண்மையில் நீண்டு வளர்ந்த வெட்டுப்பற்கள். பிறகு குனிந்து பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: உயிருள்ள யானையின் கால் தூண்போலத் தட்டையாகத் தெரிந்தாலும், உள்ளே எலும்புகள் சாய்வாக, ஏறக்குறைய விரல்நுனியில் நிற்கும் நிலையில் இருக்கின்றன. அவற்றின் பின்னால் உள்ள கொழுப்பு மெத்தையே அவ்வளவு எடையையும் தாங்குகிறது.

ஆமை, பாம்பு, பறவை ஆகியவற்றின் எலும்புக்கூடுகள் கண்ணில் பட்டால், அங்கும் கையெலும்பையும் விலாவெலும்பையும் தேடும் இதே முறையைப் பின்பற்றுங்கள். ஆமை ஓட்டின் உட்புறத்தில் முதுகெலும்பும் விலாவெலும்புகளும் ஓட்டோடு ஒன்றியிருப்பதைக் கண்டதும், ஆமை ஓட்டைக் கழற்றிவிட்டு வெளியே வரும் என்று நம்பியிருந்த பிள்ளைகள் தாங்களே திருத்திக்கொள்வார்கள். உயிருள்ளவைபோல் தோன்றும்படி பாடம் செய்யப்பட்ட விலங்குகளைப் பார்த்துச் சில குழந்தைகள் அஞ்சுவதுண்டு. அப்படியானால் வற்புறுத்தாமல் கடந்து சென்றுவிடுங்கள்.

படி 5: உட்கார்ந்து வரைதல், பின் நிலவியல்

களைப்புத் தெரியத் தொடங்கியதும் ஓரமாக அமர்ந்து, பிடித்த ஓர் எலும்பை மட்டும் குறிப்பேட்டில் வரையச் சொல்லுங்கள். படம் அழகாக வர வேண்டிய தேவையில்லை. வரைவதற்காகப் பார்க்கும்போதுதான் மூட்டுகள் எங்கே வளைகின்றன என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அதன் பிறகும் தெம்பிருந்தால் நிலவியல் பகுதிக்குச் சென்று புதைபடிவங்களை மட்டும் பாருங்கள். அரியலூர்ப் பகுதியில் கிடைக்கும் கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள், இன்று வறண்ட நிலமாக இருக்கும் அவ்வட்டாரம் டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் கடலுக்கடியில் இருந்தது என்பதற்குச் சான்று. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் மரங்களே கல்லாகிக் கிடக்கின்றன என்பதைச் சொன்னால், அடுத்த விடுமுறைப் பயணத்தைப் பிள்ளைகளே தீர்மானித்துவிடுவார்கள்.

படி 6: உயிருள்ளவற்றோடு ஒப்பிடுதல்

இந்த அருங்காட்சியகத்தின் முதல் கண்காணிப்பாளரான எட்வர்ட் பால்ஃபர் 1855-இல் இவ்வளாகத்திலேயே தொடங்கிய விலங்குக் காட்சிச் சாலைதான், பின்னர் இடம் மாறி 1985-இல் வண்டலூரை அடைந்தது. எலும்புகளைப் பார்த்த நினைவு மங்குவதற்குள், ஒரு மாத இடைவெளிக்குள்ளாவது, அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு வண்டலூருக்குச் செல்லுங்கள். அங்கே செவ்வாய்க்கிழமை விடுமுறை.