வீட்டு மனிதர்களைப் படமெடுக்கும் முறை

பெங்களூரில் அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோவில் வேலைக்குப் போய்வரும் நான், கேமரா வாங்கிய முதல் இரண்டு ஆண்டுகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு விடியலுக்கு முன்பே கிளம்பி, கே.ஆர். மார்க்கெட்டின் பூக்கடைகளையும் லால்பாக்கில் உள்ள சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையான பாறையையும் படமெடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா காலமானபோது மாலை போட ஒரு படம் தேடினோம். சாமந்திக் குவியல்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அப்பாவோ ஒரு கல்யாணக் குழுப்படத்தின் மூன்றாம் வரிசையில் மட்டும் இருந்தார். அந்தத் தேடல் வேறெந்த வீட்டிலும் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டில் எந்த ஜன்னல் உதவும் என்று பாருங்கள். நேர் வெயில் விழாத ஜன்னலே நல்லது. காலை வெயில் நேரே விழும் கிழக்கு ஜன்னல்தான் உண்டென்றால், மெல்லிய வெள்ளை வேட்டி ஒன்றைக் குறுக்கே கட்டினால் வெளிச்சம் பரவி மென்மையாகும். பெங்களூரின் மழை மாதங்களில் மேகமே அந்த வேட்டியின் வேலையைச் செய்துவிடும். டியூப்லைட்டை அவசியம் அணைத்துவிடுங்கள்: அதன் நிறமும் பகல் வெளிச்சத்தின் நிறமும் வேறு என்பதால், முகத்தின் இரு பாதியும் இரண்டு நிறமாகத் தெரியும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில், இரண்டு மூன்று அடிக்குள் படமெடுக்க வேண்டியவரை உட்கார வையுங்கள். உள்ளே தள்ளிப் போகப் போக வெளிச்சம் விரைவாகக் குறையும். மறுபக்கக் கன்னம் இருண்டால், அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தாலே போதும்.

கேமராவில் அப்பெர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, 2.8 அளவிலும், ஷட்டர் வேகத்தை, அதாவது வெளிச்சம் பதியும் நேரத்தை, நொடியில் 125-இல் ஒரு பங்கிலும் வைத்து, வெளிச்சத்துக்கேற்ப ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர் அளவை 1600 வரை கூட்டலாம். அதனால் படத்தில் தோன்றும் புள்ளிகள் சிறிய பிரிண்டில் கண்ணை உறுத்தாது. அசைந்த முகத்தைத்தான் பின்னால் முழுதாகச் சரிசெய்வது கடினம். கைபேசியில் எடுப்பவர்கள் முகத்துக்கு மிக அருகில் போனால் மூக்கு பெரிதாகத் தெரியும் என்பதால், இரண்டடி பின்னால் வந்து இரு மடங்கு ஜூமில் எடுப்பது நல்லது.

இவ்வளவும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளக் கூடியவை. கடினமானது அடுத்ததுதான். "தலைகூட வாரலைடா, இப்பப் போய் எதுக்கு?" என்று என் அம்மா பல மாதங்கள் மறுத்துக்கொண்டே இருந்தார். மறுக்கும்போது கேமராவைக் கீழே வைத்துவிட வேண்டும். ஒளிந்திருந்து எடுப்பது நம்பிக்கையைக் கெடுத்துவிடும். ஒரு ஞாயிறன்று அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்க, நானும் பக்கத்தில் உட்கார்ந்து உருவினேன். திருமணமாகி வேலூரிலிருந்து இந்த ஊருக்கு வந்த நாளைப் பற்றிக் கேட்டேன். கால் மணி நேரம் கழித்து, எடுக்கட்டுமா என்றபோது அவர் தலையசைத்தார். பழகிய வேலை கையில் இருந்தால் முகம் தானே இயல்பாகிவிடுகிறது. கைகளைத் தனியாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் விரல்களும் கீரைக் காம்பும் மட்டும் தெரியும் படமே எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தமானது.

பூ மார்க்கெட்டுக்குப் போகும் நண்பர்களும் ஆளுக்கொரு பக்கம் கேமராவைத் திருப்பிக்கொள்ளாமல், டீ குடிக்கும் ஐந்து நிமிடத்தில் ஒருவரை ஒருவர் எடுக்கலாம். அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர்களை எடுப்பதென்றால் அனுமதி பெற்று, கணினித் திரைகள் படத்தில் விழாதபடி எடுக்க வேண்டும்.

சேமிப்பில் அலட்சியம் கூடாது. என் ஹார்ட் டிஸ்க் பழுதாகி ஓராண்டுப் படங்கள் போனபின், இரண்டு பிரதிகள் வைத்து, அவற்றில் ஒன்றை வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டில் கொடுத்திருக்கிறேன். மாதம் பத்துப் படங்களையாவது 4-க்கு 6 அங்குல அளவில் பிரிண்ட் போடுங்கள். பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஆல்பம் வேண்டாம். நாளடைவில் படம் அதில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது கிழியும். பெயரையும் இடத்தையும் ஆண்டையும் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுத வேண்டும். அதைப் படத்தில் இருப்பவரையே எழுதச் சொல்லுங்கள். கீரைப் படத்தின் பின்னால் அம்மா தம் பெயரோடு, அந்தக் கீரையைப் பறித்துக் கொடுத்த எதிர்வீட்டு அக்காவின் பெயரையும் எழுதியிருக்கிறார்.