தடித்த கற்சீவலும் பல்லாவரத்துச் சார்னோக்கைட்டும்

சென்னைப் பல்லாவரத்துச் சார்னோக்கைட் என்ற பாறையிலிருந்து ஒளி ஊடுருவும்படி மெல்லியதாகத் தேய்த்தெடுத்த சீவலை, கனிமங்களை அவை காட்டும் நிறங்களால் இனங்காண உதவும் முனைவாக்க நுண்ணோக்கியில் வைத்தபோது, ஹைப்பர்ஸ்தீனாக இருக்க வேண்டிய கனிமம் நீலமும் பச்சையுமாக ஒளிர்ந்ததால், அதை ஆகைட் என்ற வேறொரு கனிமம் என்றே குறித்துவிட்டேன். பக்கத்திலிருந்த குவார்ட்ஸ்தான் பிழையைக் காட்டிக்கொடுத்தது: 0.03 மில்லிமீட்டர் தடிமனில் சாம்பல் நிறமாகத் தெரிய வேண்டிய அது ஆரஞ்சாகத் தெரிந்தது. சீவல் தடித்திருந்தது; தடிமன் கூடினால் இந்த நிறங்களும் மாறிவிடும்.

கண்ணாடித் தகட்டில் சிலிக்கன் கார்பைடின் மிக நுண்ணிய தூளை நீரில் குழைத்து, அடிக்கடி நுண்ணோக்கியில் பார்த்தபடி, குவார்ட்ஸ் சாம்பலாகும்வரை பொறுமையாகத் தேய்த்தேன். விளிம்புகள் முதலில் கரைந்துவிடும் என்பதால், விரலின் அழுத்தம் நடுவிலேயே இருக்க வேண்டும். பிறகு, ஒளியை ஒரே தளத்தில் அதிரச் செய்யும் முனைவாக்கி ஒன்றை மட்டும் வைத்து நுண்ணோக்கியின் மேடையைச் சுழற்றியபோது, அக்கனிமம் இளஞ்சிவப்பிலிருந்து வெளிர்பச்சைக்கு மாறியது. இந்த நிறமாற்றம் ஹைப்பர்ஸ்தீனின் அடையாளம்; அது ஹைப்பர்ஸ்தீனேதான். நீர் மிகக் குறைந்த சூழலில், 700 பாகை செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் அப்பாறை உருவானது என்பதற்கு தன் அமைப்பில் நீர் சேராத இந்தக் கனிமத்தைவிட அழகான சாட்சியை நான் கண்டதில்லை.