நொண்டிக் கதிரையை வேறு எப்படிச் சொல்வது?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை இருக்கிறது, ஒரு கால் வெடித்தது. ஒருநாள் பின்னேரம் பக்கத்து வீட்டு மாமா வந்தார். சண்டைக் காலத்தில் மிதிவெடியில் கால் போய், இப்போது செயற்கைக் காலோடு நடக்கிறவர். நான் கதிரையை இழுக்க, குசினிக்குள் இருந்து அம்மா, "டேய், அந்த நொண்டிக் கதிரையைப் போடாத!" என்று கத்தினார். மாமா சிரித்தபடி, "பரவாயில்லை அக்கா, எனக்குத் தோதாத்தான் இருக்கும்" என்றார். அன்றைக்குத் தேத்தண்ணி வர வெகுநேரம் எடுத்தது.

அம்மாவின் மனதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும். ஆனால் அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது விழுந்ததுதான், சிரித்துச் சமாளிக்கிற வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது.

சரி, உடற்குறையைச் சொல்கிற சொற்களை ஏச்சாகவும் பகிடியாகவும் எடுத்துவிடுகிற இந்தப் பழக்கத்தை எப்படி விடுவது? முதலில் ஒரு கிழமை உங்கள் வாயையே கவனியுங்கள். டச்சுபே கடற்கரையில் கிரிக்கெட் விளையாடும்போது பிடியை விட்டவனைப் பார்த்து "கண் குருடா?", கூப்பிட்டும் நிற்காத ஆட்டோக்காரருக்கு "செவிடு", பிந்தி வந்தவன் சொல்வது "நொண்டிச் சாட்டு", பிடிக்காத எதற்கும் "விசர்". எனக்கு "விசர்"தான் பெரிய வியாதி, காலையில் பல் தீட்டும்போதே இரண்டு தரம் வந்துவிடும்.

அப்புறம், அந்த இடத்தில் உண்மையில் என்ன சொல்ல வந்தீர்கள் என்று பாருங்கள். பந்தைப் பார்க்காமல் நின்றான், ஆட்டோவுக்குள் பாட்டுச் சத்தம் கூட, சாட்டு நம்பும்படி இல்லை, வேலை அலுப்பாக இருக்கிறது. இதைச் சொன்னால் ஏச்சும் சரியான ஆளுக்குப் போய்ச் சேரும். கோபப்பட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கோபத்துக்குத் தமிழில் சொல்லா பஞ்சம்? "விசர்நாய்க் கடி" என்பது நோயின் பெயர், அதைப் போட்டு மாற்றத் தேவையில்லை.

ஆளைப் பற்றிப் பேசும்போது பெயர் போதும். உடல்நிலையைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் மாற்றுத்திறனாளி, விசேட தேவையுடையவர் என்று பல சொற்கள் இருக்கின்றன, அவருக்கு எது பிடிக்கும் என்று அவரிடமே கேளுங்கள். இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வேலைக்கு எடுப்பதிலும் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதிலும் இயலாமையைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையையும் 2016இல் நாடு ஏற்றுக்கொண்டது. ஆனால் விறாந்தையில் நடக்கிற கதைக்கு எந்தச் சட்டமும் வராது.

வாய் தவறினால் "மன்னிக்கவும்" என்று ஒருதரம் சொல்லிவிட்டுக் கதையைத் தொடருங்கள். பத்துத் தரம் சொன்னால் உங்களைத் தேற்றுகிற வேலையும் அவருக்கு வந்துவிடும். பெரியவர்களைத் திருத்துவதென்றால் சபையில் வேண்டாம், பிறகு தனியாகச் சொல்லுங்கள்.

போன கிழமை மாமா திரும்ப வந்தார். அம்மா வெளியே வந்து, "தம்பி, அது ஆடும், இதில இருங்கோ" என்று மற்றக் கதிரையை இழுத்துப் போட்டார்.