அப்பாரு நோட்டைச் சுத்தம் செய்ய வேண்டாம்

பொங்கலுக்கு முன்னால் வரும் காப்புக் கட்டு நெருங்கினால் கொங்கு நாட்டு வீடுகளில் அட்டாலியை (பரணை) காலி செய்வார்கள். வெள்ளையடிக்க வேண்டும், வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் செருகுவதற்குள் பழசெல்லாம் வெளியே போயிருக்க வேண்டும். தகரப்பெட்டியில் கிடந்த, அப்பாரு (தாத்தா) கைப்பட எழுதிய நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போவதும் அப்போதுதான். பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று புரட்டுவார்கள். முத்திரைத்தாள் கிடைத்தால் எடுத்து வைத்துக்கொண்டு மீதியைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். இது தலைகீழான கணக்கு. பதிவு செய்த பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் வாங்கலாம். அப்பாருவின் நோட்டுக்கு வேறு எங்கே நகல் இருக்கிறது?

அந்த நோட்டில் இன்னதுதான் இருக்கும் என்று சொல்ல முடியாது. மஞ்சள் விற்ற கணக்குக்குக் கீழே குழந்தை பிறந்த நாழிகை இருக்கும். கண்ணபுரம் தாவணியில் (மாட்டுச் சந்தையில்) காளை பிடித்த விலைக்கு அடுத்த பக்கத்தில் மாந்தத்துக்குக் கசாயம் போடும் பக்குவமும், பின்னட்டைப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தால் வள்ளி கும்மிப் பாட்டும் இருக்கும். வாரிசுகள் செய்யும் பெரிய தவறு இந்தக் கலப்படத்தைப் பிரித்து ஒழுங்காக்கப் பார்ப்பதுதான். வைத்தியப் பக்கங்களை அத்தைக்கும் பாட்டை அண்ணனுக்கும் கிழித்துக் கொடுப்பது பாகப்பிரிவினைக் காலத்தில் நடக்கிறது. தேதி போடாத கசாயக் குறிப்பு எந்த வருஷத்தது என்பதை அதற்கு மேலும் கீழும் இருக்கும் கணக்கு வரிகள்தான் சொல்லும். கிழித்துவிட்டால் இரண்டுமே அனாதை. நடுவில் செருகிய ரசீது, கல்யாணப் பத்திரிகை, பஸ் டிக்கெட் எதையும் இடம் மாற்றக் கூடாது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று தனித்தாளில் எழுதி வையுங்கள். நோட்டில் பேனா படவே வேண்டாம்.

ரிப்பேர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செலோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை சில வருஷத்தில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். லேமினேஷன் அதைவிட மோசம், ஒரு முறை போட்டால் தாளைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஈரம் பட்ட நோட்டை வெயிலில் போட்டால் மை வெளுத்துத் தாள் முறுகும். நிழலில், காற்றோட்டத்தில் காய வைக்க வேண்டும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் இங்கே ரொம்பக் கெடுதல் செய்யும். அந்தக் காலத்துக் கணக்குகளில் தண்ணீர் பட்டால் ஊதாவாக மாறும் பென்சில் அதிகம். ஒரு விரல் ஈரம் ஒரு வரியையே கரைத்துவிடும். ரப்பர் பேண்டு, குண்டூசி, ஸ்டேப்ளர் மூன்றும் ஆகாது. நம் ஊர்த் தறியில் ஓடும் காடாத் துணி இருக்கிறதே, அதைக் கஞ்சி போக அலசிக் காயவைத்து நோட்டைச் சுற்றி வைத்தால் போதும். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும். பெட்டியைச் சுவரோரமாகத் தரையில் வைத்தால் செல்லு (கரையான்) ஏறும்.

அப்புறம் போட்டோ எடுப்பது. ஸ்கேனர் செயலிகள் பக்கத்தைப் பளிச்சென்று கருப்பு வெள்ளையாக்கித் தருவது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மங்கிய பென்சில் எழுத்தும் சிவப்பு மையில் அடித்த கோடும் அதில் காணாமல் போய்விடும். கலரில், முன்னட்டை முதல் பின்னட்டை வரை, வெற்றுப் பக்கத்தையும் விடாமல் எடுங்கள். வாட்ஸ்அப்பில் சும்மா படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

எல்லாம் பத்திரமாக இருந்தும் தப்பாகப் படித்துக் கெடுப்பதுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. முதலில் வருஷம். தமிழ் வருஷப் பெயர்கள் 60 வருஷத்துக்கு ஒரு முறை திரும்பி வரும். 'தாது வருஷம் ஆனி மாசம்' என்று பார்த்ததும் தாது வருஷப் பஞ்சத்தை நினைத்து 1876 என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 1936லும் தாது வந்தது, 1996லும் வந்தது. பக்கத்து வரிகளைப் பாருங்கள். கரண்டு மோட்டார் பேச்சு இருந்தால் அது பைக்காரா மின்சாரம் வந்த 1930களுக்கு முந்தியதாக இருக்காது. கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர் பாய்ந்ததாக எழுதியிருந்தால் 1950களுக்கு வந்துவிட்டோம்.

அடுத்தது காசு. '3-8-0' என்பதை மூன்று ரூபாய் எண்பது காசு என்று தட்டச்சு செய்பவர்கள் உண்டு. அது மூன்று ரூபாய் எட்டணா, அதாவது மூன்றரை ரூபாய். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வரும் வரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. தமிழ் எண்ணிலும் இதே சிக்கல். ௩௱௨௰௫ என்றால் 325. ௨ என்ற எண்ணும் பக்கத்தின் தலையில் போடும் பிள்ளையார் சுழியும் ஒன்று போலவே இருக்கும். ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௸ மேற்படி. இந்த நான்கும் தெரிந்தால் பாதி நோட்டு திறந்துவிடும். வள்ளம் என்று வந்தால் தானிய அளவா நில அளவா என்று நிதானியுங்கள், நம் பக்கத்தில் இரண்டுக்கும் அந்தச் சொல் உண்டு. கம்போடியா என்று வந்தால் அது பருத்தி ரகம், யாரும் கப்பலேறிப் போகவில்லை.

எழுத்து வடிவத்தை வைத்துக் காலம் சொல்வதிலும் அவசரம் வேண்டாம். ணை, லை, றா போன்றவற்றின் புதிய வடிவத்தை அரசு ஏற்றது 1978இல். அதற்காகப் பழைய வடிவம் இருந்தாலே 1978க்கு முந்தியது என்று ஆகாது, பள்ளியில் படித்த கை அப்படியேதான் கடைசி வரை எழுதும். புதிய வடிவம் இருந்தால் பிந்தியது என்றும் ஆகாது. பெரியாரின் குடி அரசு 1935லேயே அதைக் கையாண்டது. அதைப் படித்து அப்படியே எழுதப் பழகியவர்களும் இருந்திருக்கலாம்.

கடைசியாக, கூச்சம். கடன் பட்டது, அடகு வைத்தது, பங்காளி வழக்கு, இரண்டாம் தாரம் என்று சங்கடமான பக்கங்கள் இருக்கும். அதைக் கிழித்து அடுப்பில் போடுவதும் தவறு, முழுசாகப் படமெடுத்து முகநூலில் ஏற்றுவதும் தவறு. நமக்குக் கைமாற்றுக் கொடுத்தவர், நம்மிடம் வாங்கியவர் பெயரெல்லாம் அதில் இருக்கிறது, அவர்கள் பேரப்பிள்ளைகள் அதே ஊரில் இருப்பார்கள். வைத்துக்கொள்ளுங்கள், வெளியிடுவதைப் பிறகு யோசியுங்கள்.

பண்ணையத்து ஆட்களுக்குக் கம்பும் சோளமும் கூலியாக அளந்த பக்கங்களைப் பலர் போட்டோகூட எடுப்பதில்லை, 'அது வெறும் கூலிக் கணக்கு' என்று தள்ளிவிடுகிறார்கள். அதில் இன்னார் மகன் இன்னார், எந்த வருஷம் வந்தார், எத்தனை வள்ளம் வாங்கினார், எதற்குப் பிடித்தம் செய்தோம் என்பதெல்லாம் இருக்கும். எழுதப் படிக்கவே விடாமல் வைத்திருந்த குடும்பங்களில் ஒரு பாட்டனின் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் நம் வீட்டு நோட்டாகவே இருக்கலாம். அந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது என்று விசாரித்து, பிடித்தம் எழுதிய வரியை மறைக்காமல், அந்தப் பக்கங்களின் நகலைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.