வீட்டுப் பெரியவர்களைத் திண்ணையில் வைத்துப் படம் எடுப்பது எப்படி?

கேமராவைக் கண்டதும் பெரும்பாலான பெரியவர்கள் முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து, வாயை இறுக்கிக்கொள்வார்கள். "இயல்பா இருங்க தாத்தா" என்றால் இன்னும் விறைப்பார்கள். அது கூச்சம் மட்டும் அல்ல. ஸ்டுடியோவில் ஒரே ஒரு படத்துக்காக அசையாமல் உட்கார்ந்து பழகிய தலைமுறை அது. படம் என்றால் மரியாதையாக இருப்பது. அதனால் அந்த விறைப்பான படத்தையே முதலில் எடுங்கள். நாலைந்து கிளிக் போதும். எடுத்ததைத் திரையில் காட்டுங்கள். தாங்கள் நினைத்த படம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் தோள் தானாக இறங்கும். நீங்கள் நினைத்த படம் அதற்குப் பிறகுதான் கிடைக்கும்.

முதல் படத்தை ஒப்புக்கு எடுக்காதீர்கள். "நாளைக்கு மாலை போட ஒரு நல்ல படம் வேணும்பா" என்று சிலர் வெளிப்படையாகவே கேட்பார்கள். பதறி, பேச்சை மாற்ற வேண்டாம். நேர் பார்வை, மார்பு வரை, வெற்றுச் சுவர், தலைக்கு மேலும் தோள்களுக்கு இருபுறமும் தாராளமாக இடம். பிரேம் போடும்போது ஓரம் கொஞ்சம் உள்ளே போய்விடும், அதற்கும் சேர்த்து விடுங்கள்.

வெளிச்சத்துக்குத் திண்ணையைவிட நல்ல இடம் வீட்டில் இல்லை. மேலே கூரை, முன்னால் திறந்த தெரு. வெயில் எல்லையிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, முகம் தெருவைப் பார்க்க உட்காரவையுங்கள். உச்சி வெயிலில் முற்றத்தில் நிறுத்தினால் கண்குழி இரண்டும் கறுத்துவிடும். திண்ணை இல்லாத வீட்டில் வாசல் கதவு போதும், ஆனால் ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தோடு அது கலந்தால் ஒரு கன்னம் ஒரு நிறம், மறு கன்னம் வேறு நிறம். பச்சை, ரோஸ் பெயின்ட் அடித்த சுவருக்கு ஒட்டியும் உட்காரவைக்கக் கூடாது, அந்தச் சாயல் தாடையில் ஏறும். நிழல் பக்கத்தைத் தூக்க, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் தெர்மோகோல் அட்டை ஒன்று போதும். முகத்திலிருந்து இரண்டடியில் பிடிக்க வேண்டும்.

அந்த அட்டையை யாரிடம் கொடுப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று "சிரிங்க, சிரிங்க" என்று உயிரை வாங்கும் மகனிடமோ மருமகளிடமோ கொடுங்கள். கைக்கு வேலை வந்தால் வாய் அடங்கும்.

ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார் உள்ள) கேமராவில் 50 எம்எம் லென்ஸ், ஒன்றரை மீட்டர் தூரம். லென்ஸ் திறப்பை எஃப் 1.8 என்று அகலமாக வைத்தால் துல்லியம் ஏறக்குறைய 6 செ.மீ. ஆழம்தான், முகம் லேசாகத் திரும்பினாலும் தூரத்துக் கண் மங்கிவிடும். எஃப் 4 என்று குறுக்கினால் 13 செ.மீ.க்கு மேல் கிடைக்கும். ஷட்டர் வேகம் 1/200 நொடியைவிட மெதுவாக வேண்டாம், பலருக்குத் தலையோ கையோ லேசாக ஆடும். போனில் என்றால் 2எக்ஸ் வைத்துப் பின்வாங்குங்கள். 1எக்ஸில் கிட்டப் போனால் மூக்கு பெருத்து, காது சிறுத்துவிடும். அழகு மோடை முதலிலேயே அணையுங்கள்.

அதிகம் பிசகுவது எக்ஸ்போஷரில், அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பதில்தான். வெள்ளை வேட்டி, சட்டை படத்தை நிறைத்தால் கேமரா வெளிச்சத்தைக் குறைக்கும், கறுத்த முகம் மேலும் இருளும். முகம் மட்டும் நிறைந்த படத்தில் நேர்மாறு: தோல் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்து, நெற்றி விபூதி கரைந்துபோகும். ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைக் கன்னத்தில் வைத்து, கறுத்த தோலுக்கு மூன்றில் இரண்டு முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) குறையுங்கள். போனில் கன்னத்தை அழுத்திப் பிடித்து, பிறகு பிரகாசத்தை இறக்குங்கள். "கொஞ்சம் கலரா ஆக்கிக் கொடுங்க" என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். செய்யாதீர்கள், அது அந்தப் பெரியவரின் முகமே இல்லை.

கண்ணாடி போட்டவர்களுக்கு அதன் காம்பைக் காதுக்கு மேல் அரை விரல் தூக்கிவிட்டால் பளபளப்பு கீழே இறங்கிவிடும். கழற்றச் சொல்ல வேண்டாம். கழற்றினால் கண் சுருங்கும், மூக்கில் தழும்பு தெரியும்.

பல் விழுந்தவர்களைச் சிரிக்கச் சொன்னால் உதட்டைத்தான் மடிப்பார்கள். சிரிப்பைக் கேட்காமல், அவர்கள் கை அறிந்த வேலையைக் கேளுங்கள். தறி ஓட்டியவர் என்றால் "ஒரு பாவுல எத்தனை சேலை வரும் பாட்டி?" விவசாயி என்றால் "நாத்து எத்தனை நாள்ல பறிப்பீங்க ஐயா?" காது எந்தப் பக்கம் நன்றாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம், அவர்கள் உயரத்துக்கு உட்கார்ந்து கேளுங்கள். பேசும்போது கிளிக் செய்தால் வாய் கோணும். பதில் முடிந்ததும் ஓரிரு நொடி முகத்தில் அந்த நினைப்பு தங்கும். விரல் அப்போது தயாராக இருக்க வேண்டும். கையையும் தனியாக ஒரு படம் எடுங்கள். பொட்டு, பூ, சேலை எதுவானாலும் அவர்கள் இஷ்டம். "இதை வச்சுக்கோங்க" என்பது சில வீடுகளில் புண்படுத்திவிடும். இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

எடுத்த இடத்திலேயே எதையும் அழிக்க வேண்டாம். அனுமதி கேட்டு, பேச்சைப் போனில் பதிவுசெய்துகொள்ளுங்கள். கேமரா கடிகாரத்தைப் போனோடு முன்பே சரிபார்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து படங்களை வரிசையாகப் பார்த்து, முகம் எங்கே இளகியது, எங்கே மறுபடி மூடிக்கொண்டது என்று அந்தந்த நிமிடத்துப் பேச்சோடு ஒப்பிடுங்கள். நீங்கள் குறுக்கே பேசிய இடங்களிலும், கேமரா அமைப்பை மாற்றக் குனிந்த இடங்களிலும்தான் முகம் மூடியிருக்கும். அடுத்த முறை அமைப்பையெல்லாம் அவர்கள் வந்து உட்காரும் முன்பே, வேறு ஒருவரை உட்காரவைத்து முடித்துவிடுங்கள்.

பிரின்ட் போட்டுக் கொடுங்கள். 24 மெகாபிக்சல் படம் 12க்கு 18 அங்குலத்துக்குத் தாராளமாகத் தாங்கும். கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, அந்த அளவில் புள்ளி புள்ளியாக உடையும்.