தருமபுரியிலிருந்து சாம்பிள் ரூம் வரை: ஃபேஷன் இன்டர்ன்ஷிப் தேடும் பிள்ளைகளுக்கு

நாலாவது செமஸ்டர் முடிகிற சமயத்தில் கல்லூரியில் ஒரு தாளைக் கையில் கொடுப்பார்கள். முப்பது நாள் இன்டர்ன்ஷிப் முடித்து, சான்றிதழும் அறிக்கையும் கொண்டுவர வேண்டும் என்று அதில் இருக்கும். எங்கே போவது, யாரைக் கேட்பது என்பது இருக்காது. கோவைப் பிள்ளைகளுக்கு மாமாவோ சித்தப்பாவோ யாராவது இந்தத் தொழிலில் இருப்பார்கள். பென்னாகரத்திலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் வருகிற பிள்ளைக்கு அப்படி ஒருவரும் இருப்பதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பாலக்கோடு பக்கம் பிறந்தவள். அம்மா வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்தார். காஸ்ட்யூம் டிசைன் படித்துவிட்டு, திருப்பூரிலும் பெங்களூரிலும் ஒன்பது வருடம் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து துணி கப்பலேறும்வரை கவனித்துக்கொள்கிறவராக இருந்தேன். இப்போது தருமபுரியில் எட்டு மெஷின் வைத்து ஒரு சின்ன யூனிட் நடத்துகிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் நாலைந்து பிள்ளைகள் வந்து, "அக்கா, எங்கேயாவது சொல்லிவிடுங்கள்" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன்.

முதலில் வீட்டில் பேச வேண்டியது. நம் ஊர்ப் பக்கம் "திருப்பூருக்குப் பயிற்சிக்குப் போகிறேன்" என்று ஒரு பெண் சொன்னால் பெற்றவர்கள் மிரளுவார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் புரோக்கர்கள் ஊர் ஊராக வந்து, பதினாறு பதினேழு வயதுப் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் நூற்பாலைகளுக்குக் கூட்டிப்போனார்கள். முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்று வாக்கு. என் பெரியம்மா மகளும் அப்படிப் போனவள். இரண்டரை வருடத்தில் உடம்பு முடியாமல் திரும்பி வந்தாள், மொத்தப் பணம் வரவே இல்லை. அந்த ஆலைத் தாளில் அவளுக்கும் "பயிற்சியாளர்" என்றுதான் பெயர் போட்டிருந்தது. அதனால் அப்பா அம்மா தயங்கினால் கோபப்படாதீர்கள். வித்தியாசத்தைத் தாளில் காட்டுங்கள்.

நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில் ஒரு கடிதம் வேண்டும். தொடங்கும் தேதி, முடியும் தேதி, எந்தப் பிரிவு, யாருடைய பொறுப்பில் இருப்பீர்கள் ஆகிய நாலும் அதில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கிளம்பாதீர்கள். மார்க் ஷீட் ஒரிஜினலை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், நகல் போதும். இன்டர்ன்ஷிப்புக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும், சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் என்று சொல்கிற இடத்தில் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. அங்கே தாள்தான் விற்கிறார்கள்.

சரி, எங்கே போவது? ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் எந்த அறையில் உட்காரப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். என்னிடம் வருகிற பிள்ளைகள் பத்தில் ஒன்பது பேர் "டிசைனிங்" என்பார்கள். ஏற்றுமதித் தொழிலில் பெரும்பாலும் டிசைன் வெளிநாட்டு பையரிடமிருந்தே, அதாவது ஆர்டர் தருகிற நிறுவனத்திடமிருந்தே வந்துவிடும். படம், அளவு, துணி, நூல், பட்டன் எல்லாம் எழுதிய டெக் பேக் என்ற கோப்பு அது. அந்தப் படம் துணியாகிற இடம் சாம்பிள் ரூம். பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அட்டை அச்சு போடுகிற பேட்டர்ன் மாஸ்டர், கட்டிங் மாஸ்டர், சாம்பிள் டெய்லர் மூன்று பேரும் ஒரே அறையில் இருப்பார்கள். முதலில் அளவும் பொருத்தமும் பார்க்கிற ஃபிட் சாம்பிள் போகும். பையர் "தோள் இறங்குகிறது, அரை சென்டிமீட்டர் குறை" என்று எழுதி அனுப்புவார். திருத்தி மறுபடி அனுப்புவார்கள். பிறகு சைஸ் செட், அதாவது ஒவ்வொரு அளவிலும் ஒரு மாதிரி. அது முடிந்தால் பி.பி. சாம்பிள், அதாவது உற்பத்திக்கு முந்தைய கடைசி மாதிரி. அது ஓகே ஆன பிறகுதான் ஆயிரக்கணக்கில் துணியை வெட்டுவார்கள். ஒரு ஸ்டைல் இந்தப் படிகளைத் தாண்டுவதை நீங்கள் கண்ணால் பார்த்துவிட்டால், கல்லூரியில் படித்த பாதிப் பாடம் அப்போதுதான் விளங்கும். முப்பது நாள்தான் கையில் இருக்கிறது என்றால் சாம்பிள் ரூமை மட்டும் கேளுங்கள். அறுபது நாள் கிடைத்தால் மீதி முப்பதை மெர்ச்சண்டைசிங்கில் கழியுங்கள்.

பின்னல் துணிக்குத் திருப்பூர்தான். பெங்களூரில் பெரும்பாலும் வோவன், அதாவது தறியில் நெய்த துணியில் சட்டை, பேன்ட், ஜாக்கெட். தருமபுரிக்காரர்கள் எர்ணாகுளம் இன்டர்சிட்டியில் காலையில் ஏறினால் மதிய வாக்கில் திருப்பூரில் இறங்கலாம். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே இல்லை, அதனால் அவர்களுக்கு பஸ்தான். ஆனால் கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பிள்ளைகளுக்குப் பெங்களூர் பக்கம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்களாக இருந்தால் அதை ரெஸ்யூமில் தவறாமல் எழுதுங்கள். பொம்மனஹள்ளியிலும் பீன்யாவிலும் லைன் சூப்பர்வைசரிடம் கன்னடத்தில் நாலு வார்த்தை பேசத் தெரிந்த இன்டர்னுக்கு, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரைவிட வேகமாக வேலை கிடைக்கும். நான் அங்கே போன முதல் மாதம் கன்னடம் தெரியாமல் பட்ட கஷ்டத்தில்தான் இதைப் புரிந்துகொண்டேன்.

ஊரைவிட்டுப் போக முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். பர்கூரை குட்டி சூரத் என்று சும்மா சொல்லவில்லை. அந்த ஜவுளிக் கடைகளில் ஒன்றில் ஒரு மாதம் நின்றால், எந்த விலையில் எந்த நிறம் ஓடுகிறது, எது தேங்குகிறது என்று தெரிந்துவிடும். வாங்கி விற்கும் பக்கம் போக நினைப்பவருக்கு இது பெரிய பாடம். அறிக்கையில் "ஜவுளிக் கடை" என்று எழுதக் கூச்சப்படாதீர்கள். ரீடெய்ல் பையிங் என்று பெரிய நிறுவனங்கள் சொல்வதும் இதே வேலைதான். காலணியில் ஆர்வம் இருந்தால் பர்கூர் சிப்காட்டில் கேட்டுப் பாருங்கள். கைக்கடிகாரம், நகை என்றால் ஓசூரில் டைட்டன் ஆலைகள் இருக்கின்றன. பெரிய நிறுவனம் என்பதால் கல்லூரி வழியாகத்தான் போக வேண்டியிருக்கும், சீக்கிரமே கேளுங்கள். பட்டு படிக்க விரும்பினால் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு ஒரு காலையில் போய், விவசாயிகள் கொண்டுவரும் கூடு ஏலம் போவதைப் பாருங்கள். நம் ஊரிலேயே இருந்துகொண்டு அதைப் பார்க்காமல் பட்டைப் பற்றி அறிக்கை எழுதுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையில், அரூரிலிருந்து பஸ் போகிற சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. அங்கே லம்பாடிப் பெண்களின் கைத்தையல் அநேகமாக மறைந்துபோயிருந்தது. சில மூத்த பெண்களுக்கு மட்டும் நினைவிருந்த தையல்களை மீட்டு, இளம் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து, பொர்கை என்ற கைவினைஞர் சங்கமாக அதை வளர்த்திருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு அவர்கள் மொழியில் பெருமை என்று பொருள். அங்கே பழங்குடி மக்களுக்காக மருத்துவமனை தொடங்கிய மருத்துவர் லலிதாதான் இதற்கு முன்கை எடுத்தவர். கைத்தையலும் இயற்கைச் சாயமும் கற்க நினைப்பவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அனுமதி கிடைத்த பிறகே போங்கள். அது அவர்கள் வேலை செய்கிற இடம், வாழ்கிற ஊர். போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். கற்றுக்கொண்ட தையலை உங்கள் டிசைன் என்று போர்ட்ஃபோலியோவில் போடாதீர்கள். யாரிடம், எந்த ஊரில் கற்றது என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

இப்போது கேட்கும் விதம். மே மாதம் போக வேண்டுமென்றால் மார்ச்சிலேயே கேட்கத் தொடங்குங்கள். திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்க உறுப்பினர்களில் நடுத்தர அளவு நிறுவனங்களாகப் பார்த்து இருபது பெயர் எழுதிக்கொள்ளுங்கள். மிகப் பெரிய இடத்தில் உங்களை ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள், நடுத்தர இடத்தில் கை தேவைப்படும். மெயில் ஆறே வரி: பெயர், கல்லூரி, தேதிகள், எந்தப் பிரிவு வேண்டும், என்ன செய்யத் தெரியும், போன் நம்பர். "எனக்கு ஃபேஷனில் தீராத ஆர்வம்" என்ற வரியை எல்லோரும் எழுதுகிறார்கள். "சிங்கர், ஓவர்லாக் இரண்டும் ஓட்டுவேன், அடிப்படை டி-ஷர்ட் பேட்டர்ன் போடுவேன்" என்று எழுதினால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். பதில் வராவிட்டால் நேரில் போங்கள். சனிக்கிழமை போகாதீர்கள், அது வாரச் சம்பளம் போடுகிற நாள், யாருக்கும் நேரம் இருக்காது. தீபாவளி, பொங்கலை ஒட்டிய பத்து நாளும் வேண்டாம்.

போகும்போது போர்ட்ஃபோலியோவோடு, நீங்களே வெட்டித் தைத்த ஒரு உடுப்பையும் எடுத்துப்போங்கள். நான் 2011-ல் போனபோது மெர்ச்சண்டைசிங் மேலாளர் என் வரைபட ஃபைலைத் திறக்கக்கூட இல்லை. பையில் இருந்த டி-ஷர்ட்டை நான் எடுத்து வைத்ததும், பக்கத்திலிருந்த பேட்டர்ன் மாஸ்டர் அதை உள்பக்கம் திருப்பி, கழுத்தில் ரிப் என்கிற இழுபடும் பட்டியைப் பார்த்தார். "கழுத்து ரிப் இழுக்குதே அம்மிணி, நீயா தைச்சே?" என்றார். "ஆமாங்க மாஸ்டர், ரிப்பை நீளம் குறைச்சு வெட்டிட்டேன்" என்றேன். "தப்பு எங்கேன்னு தெரியுதல்ல, திங்கக்கிழமை வா" என்றார். எனக்கு இடம் கிடைத்தது அந்தப் பதிலால்தான்.

அந்த டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு துணி ஆகும் என்று கணக்குப் போடத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. இதைப் பயிற்சி செய்துவிட்டுப் போங்கள். உடல் நீளம் 70 செ.மீ., கை நீளம் 20, தையலுக்கும் மடிப்புக்கும் 10, மொத்தம் 100. மார்பு அகலம் படுக்கையாக 52, அதோடு 4 சேர்த்தால் 56. நூறை ஐம்பத்தாறால் பெருக்கி, முன் பின் என்று இரண்டால் பெருக்கினால் 11,200 சதுர செ.மீ., அதாவது 1.12 சதுர மீட்டர். துணி 160 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் 160 கிராம் எடை என்றால், 1.12-ஐ 160-ஆல் பெருக்க சுமார் 179 கிராம். சேதாரம் பத்து சதவீதம் வைத்தால் ஒரு பீசுக்கு ஏறக்குறைய 197 கிராம். ஜிஎஸ்எம் தெரியாத துணியாக இருந்தால், வட்டக் கட்டரில் 100 சதுர செ.மீ. துண்டு வெட்டி எடை போட்டு நூறால் பெருக்க வேண்டும். 1.6 கிராம் இருந்தால் அது 160 ஜிஎஸ்எம்.

அடுத்து பணம். நடுத்தர நிறுவனங்களில் இன்டர்னுக்கு உதவித்தொகை கிடைப்பது குறைவு. ஆனால் கேட்காமல் விடாதீர்கள். பணம் இல்லை என்றால் மதியச் சாப்பாடும், கம்பெனி வண்டி உங்கள் பக்கம் வந்தால் அதில் இடமும் கேளுங்கள். படிப்பை முடித்தவர்கள் சும்மா இன்டர்ன்ஷிப் என்று போகாமல் அப்ரண்டிஸாகச் சேரப் பாருங்கள். அது 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது, ஒப்பந்தம் பதிவாகும், மாதாமாதம் உதவித்தொகை தந்தே ஆக வேண்டும். பட்டம், டிப்ளமோ முடித்தவர்களுக்கான மத்திய அரசின் தளத்தில் நீங்களே பதிவு செய்யலாம்.

உள்ளே போன முதல் வாரம் உங்களை யாரும் கவனிக்க மாட்டார்கள். எனக்கு மூன்று நாள் பட்டன் எண்ணும் வேலை கொடுத்தார்கள். எண்ணினேன். நாலாவது நாள் போய், "மாஸ்டர், மத்தியானம் ஒரு மணி நேரம் உங்க மேஜைகிட்ட நிக்கட்டுமா?" என்று கேட்டேன். நிற்க விட்டார். இரண்டாவது வாரத்தில் அவர் பேட்டர்ன் அட்டை வெட்டும்போது நான் நாட்ச், அதாவது ஓரத்தில் அடையாள வெட்டு போட்டேன். சொன்ன வேலையை முடித்துவிட்டு, குறிப்பிட்ட ஒரு ஆளிடம், குறிப்பிட்ட நேரத்துக்குக் கேளுங்கள். "எனக்கு எதுவும் சொல்லித் தரவில்லை" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. ஒரு நோட்டு வைத்துக்கொண்டு ஒரே ஒரு ஸ்டைலை முதல் நாளிலிருந்து பின்தொடருங்கள்: துணி எப்போது வந்தது, பையர் ஒப்புதலுக்குச் சாயம் போட்டு அனுப்புகிற லேப் டிப் எத்தனை முறை திரும்பியது, பையர் என்ன கமென்ட் போட்டார். இந்த நோட்டே பின்னால் உங்கள் அறிக்கையாகிவிடும்.

திருப்பூரில் காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை போவது ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் நெருங்கினால் உங்களையும் இருக்கச் சொல்வார்கள். மாலை ஐந்தரைக்குக் கிளம்புவேன் என்று முதல் நாளே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அடுத்ததைப் பெண் பிள்ளைகள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம் பயிற்சியில் இருப்பவரையும் பாதுகாக்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதில் யார் யார் என்று சேரும் நாளிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏதாவது நடந்தால் சான்றிதழுக்காகப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். 181-க்கு அழையுங்கள், வீட்டுக்குச் சொல்லுங்கள், அன்றைக்கே கிளம்புங்கள். சான்றிதழை வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

கடைசி வாரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடைசி நாளுக்கு ஐந்து நாள் முன்பே சான்றிதழ் கேளுங்கள், கையெழுத்துப் போடுகிறவர் வெளியூர் போயிருப்பார். வெறும் "பயிற்சி முடித்தார்" என்று மட்டும் இல்லாமல், சாம்பிள் பிரிவில் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை, இன்ன வேலை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பையரின் ஸ்டைல் எதையும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். நான் அனுப்பிய ஒரு பெண், ஆசையாக ஒரே ஒரு சாம்பிளைப் போட்டாள். அது இன்னும் கடைக்கு வராத ஸ்டைல். மறுநாளே அவளை அனுப்பிவிட்டார்கள். மாஸ்டருக்கும் திட்டு விழுந்தது. கற்றதைக் காட்ட வேண்டுமென்றால், அதே கட்டமைப்பை வேறு துணியில், வேறு அளவில் நீங்களே வீட்டில் தைத்துப் படம் எடுங்கள். அந்த வருடம் ஆயுத பூஜை அன்று மாஸ்டருக்கு போன் செய்து, அந்தப் படத்தையும் அவருக்கு அனுப்புங்கள். கழுத்து ரிப் இப்போது இழுக்கிறதா என்று அவரே பார்த்துச் சொல்வார்.