மூணாற்று உறைபனியில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் தண்ணீர்க் குழாய்கள்

செண்டுவாரை, குண்டளை, வட்டவடைப் பக்கங்களில் கோடை விடுமுறைக்கு மட்டும் திறக்கப்படும் வீடுகளுக்கு, நடுவே ஒருமுறை தை மாதத்தில் போய்ப் பூட்டைத் திறப்பவர்கள் முதலில் காண்பது சில நேரம் நனைந்த சுவராகவும் காலியான தொட்டியாகவும் இருக்கும். கேரளத்தில் குழாய் உறைவதா என்று சமவெளிக்காரர்கள் சிரிப்பார்கள். மார்கழி விடியற்காலையில் தேயிலைக் கொழுந்து கருகிக் கிடப்பதைப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

உறைபனி எங்கே விழும் என்பதை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிந்து, காற்றும் அசையாத இரவில், வானத்தைப் பார்த்துக் கிடக்கும் புல், தகரம், குழாய் ஆகிய எல்லாம் தம் வெப்பத்தை மேல்நோக்கி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகின்றன. வராந்தாவில் தொங்கும் வெப்பமானி 2 டிகிரி காட்டும்போதே முற்றத்துப் புல் வெளுத்திருப்பது இதனால்தான். மேலும், குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே மேட்டு வீட்டைவிட ஓடைக்கரையை ஒட்டிய வீட்டில்தான் குழாய் முதலில் உறையும்.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. குழாயின் நடுவில் உருவாகும் பனிக்கட்டி, மூடிய குழாய்முனை வரை உள்ள தண்ணீரை நெருக்குகிறது; போக வழியில்லாத அந்தத் தண்ணீரின் அழுத்தம்தான் பெரும்பாலும் எல்போவையோ (குழாய் வளையும் மூட்டு) வால்வையோ பிளக்கிறது. எனவே உறைந்த இடம் ஒன்றாகவும் உடைந்த இடம் வேறொன்றாகவும் இருக்கலாம்.

குழாயைச் சுற்றிச் சாக்கு கட்டுவது இங்கே பழைய வழக்கம். காய்ந்த சாக்கு ஓரளவு உதவும். பனியில் நனைந்த சாக்கினால் பயனில்லை. ஏசி மெக்கானிக்குகள் பயன்படுத்தும் கறுப்பு நுரைக்குழாய் மேலானது, ஆனால் எந்த மேலுறையும் குளிரைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. ஆள் இருந்து தண்ணீர் புழங்கும் வீட்டுக்கு அந்தத் தாமதம் போதும். பூட்டிய வீட்டுக்கு நான் சொல்லக்கூடிய வழி ஒன்றுதான்: குழாயில் தண்ணீரே நிற்கக்கூடாது. மலைச்சரிவில் கட்டிய வீட்டில் இது எளிது. சரிவே வேலையைச் செய்துவிடும்.

ஊற்றிலிருந்து வரும் கறுப்பு ஓஸில் தொடங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஊற்றுநீர் நம் ஊர்க் குளிருக்கு உறைவது அரிது, நின்றால்தான் உறையும். தொட்டி நிரம்பியதும் மிதவை வால்வு மூடிக்கொள்ளும் வீடுகளில், தண்ணீரை மிச்சப்படுத்த வைத்த அந்த வால்வே ஓஸை உறைய வைக்கிறது. ஆகவே ஓஸின் தலையை ஊற்றிலிருந்து எடுத்துக் கரையில் போட்டு, கீழ்முனையைத் தொட்டியிலிருந்து கழற்றித் திறந்து விடுங்கள். பிறகு ஓஸின் ஓரமாக நடந்து பாருங்கள்: எங்கே அது குழிக்குள் இறங்கி மீண்டும் ஏறுகிறதோ, அங்கே தண்ணீர் தங்கும். அந்தத் தாழ்விடத்தில் ஒரு டீ (மூவழி இணைப்பு) வைத்து, அதன் அடைப்பானைக் கழற்றிவிடலாம். ஓஸ் ஓரளவு நெகிழ்ந்து கொடுக்கும். இணைப்புகளும் பிவிசி துண்டுகளும்தான் வெடிக்கும். ஒரு அடி ஆழத்தில் புதைத்துவிட்டால் உறைபனிப் பிரச்சினையே இல்லை, ஏனெனில் இங்கே சில மணி நேரமே நீடிக்கும் குளிர் அந்த ஆழத்துக்கு இறங்குவதில்லை. காட்டுப்பன்றி தோண்டுவதும் யானை மிதிப்பதும் வேறு கதை.

மோட்டார் உள்ள வீடுகளில் பலரும் தவறுவது ஒன்று உண்டு. மோட்டாரை நிறுத்திவிட்டால் மேலேறும் குழாய் காலியாகிவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வோ நான்-ரிட்டர்ன் வால்வோ அந்த நீர்த்தூண் முழுவதையும் பிடித்து வைத்திருக்கும். என் வீட்டில் முதல் ஆண்டு பிளந்தது இந்தக் குழாய்தான். வால்வுக்கு மேலே ஒரு சிறிய வடிகால் குழாய்முனை வைத்துத் திறந்துவிடுங்கள். மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பம்பின் அடியில் உள்ள திருகாணியையும் கழற்றி, அதை எங்கே வைத்தீர்கள் என்று சுவரில் எழுதிவையுங்கள்.

அடுத்து, தொட்டியின் வெளிவாய் வால்வை மூடி, மேல்மாடியிலிருந்து கீழ்நோக்கி எல்லாக் குழாய்முனைகளையும் திறந்து, முற்றத்தின் மிகத் தாழ்ந்த குழாயையும் திறந்தே விடுங்கள். மேலே காற்று நுழைந்தால்தான் கீழே தண்ணீர் முழுதாக இறங்கும். வெளியே இருக்கும் பால் வால்வுகளை (உள்ளே உருண்டை சுழன்று திறக்கும் வால்வுகள்) பாதித் திறப்பில் நிறுத்துங்கள், ஏனெனில் முழுதாகத் திறந்தாலும் மூடினாலும் உள்ளிருக்கும் உருண்டையைச் சுற்றிச் சிறிது தண்ணீர் சிக்கிக்கொள்ளும். இந்த விதி தொட்டியின் வால்வுக்குப் பொருந்தாது, தொட்டியையும் காலிசெய்திருந்தால் அன்றி. கழிவறைப் பீங்கானில் நிற்கும் நீர் வீட்டுக்குள் இருப்பதால் கவலை வேண்டாம்.

சூரிய வெந்நீர்த் தகடு தனிக் கவனம் கேட்கும். கண்ணாடியிட்ட தட்டைத் தகடு, வானத்தை நோக்கியே சாய்ந்திருப்பதால், காற்று 4 டிகிரியில் இருக்கும்போதே அதன் மெல்லிய செப்புக் குழாய்கள் உறையக்கூடும். அதற்குப் போகும் குளிர்நீர் வால்வை மூடிவிட்டு, அடிப்புறத்து வடிகாலைத் திறந்து, மாலை நேரத்தில் தகடு ஆறிய பின் காலிசெய்யுங்கள். நண்பகலில் செய்தால் கொதிக்கும் நீர் கையில் தெறிக்கும்.

நீங்கள் தங்கியிருக்கும்போதே ஒரு காலையில் தண்ணீர் வரவில்லை என்றால், குழாய்முனையைத் திறந்து வைத்துவிட்டு வெயிலுக்குக் காத்திருங்கள். பெரும்பாலும் ஒன்பது, பத்து மணிக்குள் தானே வந்துவிடும். அவசரமென்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைக் குழாய்முனைப் பக்கத்திலிருந்து தொடங்கிச் சுற்றுங்கள். தீப்பந்தமோ கொதிநீரோ பிவிசிக்கு ஆகாது.

சித்திரையில் திரும்பி வரும்போது, பம்பின் திருகாணியையும் வடிகால்களையும் மூடிவிட்டு, மேல்மாடிக் குழாய் ஒன்றை மட்டும் திறந்து வைத்து, தொட்டி வால்வைக் கால் திருப்பு மட்டும் திறந்து, காற்று சீறி அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு எல்லாக் குழாய்முனைகளையும் மூடி அரை மணி நேரம் விட்டு, எல்போக்களைக் காய்ந்த கையால் தடவிப் பாருங்கள். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கு ஈரமாகத் தெரியும். கீசரின் சுவிட்சைப் போடுவது, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் நிறைந்து வருவதைப் பார்த்த பிறகுதான்.